முதுகுப் பக்கம் ஜிப்

ஐஸ்லாந்துக்குப் போய்க் குளிர்த் தண்ணீரில் முக்குளிக்கப் போவதாகச் சுகந்தினி சொன்னபோது, அவள் கணவன் விஜயேந்திரன் தோசையை அப்படியே தட்டில் வைத்தான்.

"இங்க மெர்சிங் கடல்ல தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. அது உனக்குப் பிடிக்கலையா?"

அவன் நீச்சல் தெரியாதவன். மலேசியாவின் ஸ்கூடாயில் பல் மருத்துவராக இருந்த அவளுக்கோ விடுமுறை என்றாலே கடல்தான்.

அந்தக் குளிருக்கு டிரைசூட் வேண்டும். கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் பட்டைகள் இறுக்கிப் பிடிக்க, சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வராத முழு உடை அது. சிலவற்றில் ஜிப் முன்பக்கம், சிலவற்றில் முதுகில். சுகந்தினி நாள்கணக்கில் ஆராய்ந்தாள். கடைசியில் அந்தச் சிவப்பு நிறத்தில் மயங்கி, முதுகில் ஜிப் உள்ளதை வாங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தனியாகப் போட்டுப் பார்த்தாள். ரப்பர் பட்டைகளில் பவுடர் பூசித் தலையை உள்ளே நுழைத்தாள். ஜிப் எட்டவில்லை. கழற்றலாம் என்றால் கழுத்துப் பட்டை தலையை விடவில்லை. வியர்த்துக் கொட்டியது. கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"மீன் வாங்கிக்கிட்டிருக்கேன்."

"மீனை விட்டுட்டு வாங்க!"

மீனோடுதான் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அலமாக்! தீயணைப்பு வண்டி எப்ப வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"சிரிச்சது போதும், இழுங்க லா!"

அன்றைக்கு ஒன்று தெளிவாயிற்று. அவள் கடலுக்குப் போனால், ஜிப் இழுக்க அவனும் போக வேண்டும்.

மெர்சிங்கில் முக்குளிப்புக் கற்றுத்தரும் மதிவாணன்தான் இருவரையும் படகில் ஏற்றிப் போனார். கழுத்துப் பட்டையை முதலில் கொஞ்சம் வெட்டிவிட்டார். "இவ்வளவு இறுக்கமா இருந்தா மயக்கம் வரும், டாக்டர்." விஜயேந்திரன் ஜிப்பை மூடினான். அவள் குதித்தாள்.

சற்று நேரத்தில் துடுப்பு மாட்டிய இரண்டு கால்கள் மட்டும் நீருக்கு மேலே வந்து காற்றில் உதைத்தன.

"தலை எங்கே? என் பொண்டாட்டியோட தலை எங்கே?"

மதிவாணன் குதித்து அவளை நேராகத் திருப்பினார். "ஒண்ணுமில்ல. தலைகீழாக் கவிழ்ந்ததும் சூட்ல இருந்த காத்தெல்லாம் காலுக்குப் போயிடுச்சு. உள்ளே காத்தைக் குறைச்சு வைக்கப் பழகணும்."

படகேறியபோது சூட்டுக்குள்ளே அவள் முதுகு முழுக்க ஈரம்.

"ஓட்டை சூட்டை வித்துட்டாங்க!" என்று சீறினாள்.

மதிவாணன் ஜிப்பைத் தடவிப் பார்த்தார். அதன் முனையில் அரை விரல் அளவு மூடாமல் இருந்தது. இருவரும் விஜயேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜிப் மூடவும் லைசென்ஸ் வேணும்னு யாரும் சொல்லலையே" என்றான் அவன். ஆனால் காது சிவந்துவிட்டது.

அதன் பிறகு அந்த ஜிப் அவனுடையதாயிற்று. கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, பிரஷ் போட்டு, மெழுகு தடவி, மடங்காமல் தொங்கவிட்டான். சுகந்தினி தொட்டால்கூடப் பிடிக்கவில்லை.

"சொந்தச் சட்டையில ரெண்டு பட்டனைக் காணோம், அதையும் கொஞ்சம் பாருங்க" என்பாள் அவள்.

ஐஸ்லாந்தில் அவர்கள் முக்குளிக்கப் போன அன்று சாய்வாக மழை அடித்தது. வழிகாட்டிப் பெண் ஜிப்பைச் சரிபார்க்க வந்தாள். விஜயேந்திரன் கையை நீட்டி மறித்தான். அவனே இழுத்தான், தடவினான், மறுபடி இழுத்தான்.

அவள் இறங்கினாள். உள்ளே நீர் கண்ணாடி போலிருந்தது. முகத்தில்தான் குளிர் குத்தியது. பாறைகளுக்கிடையே நீலம் ஆழமாக இறங்கிக்கொண்டே போனது. கால்கள் ஒழுங்காகப் பின்னால் வந்தன. வாயில் குழாய் இருந்ததால் அவளால் சிரிக்க முடியவில்லை.

கரையேறியதும் அவன் ஜிப்பைத் திறந்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான். "காஞ்சிருக்கு! சுகந்தி, அப்படியே காஞ்சிருக்கு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் குடை கம்பி கம்பியாகப் பிய்ந்து கிடந்தது. தலையிலிருந்து சப்பாத்துவரை சொட்டச் சொட்ட நனைந்து, பற்கள் கிடுகிடுக்க நின்றான்.

"தண்ணிக்குள்ள போனது நான்" என்றாள் அவள். "பிழியவேண்டியது உங்களைத்தான் போலிருக்கு."

பையிலிருந்து தன் கம்பளித் தொப்பியை எடுத்து அவன் தலையில் காதுவரை இழுத்துவிட்டாள். அது பூப்போட்ட தொப்பி. விடுதி வரும்வரை அவன் கழற்றவில்லை.