யாராவது ஒரு தே சொல்லுங்க

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. கைக்குழந்தை ஐமானை என் வீட்டுக்காரர் ஹைதரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் சூலியா தெரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக், அதாவது உயரத் தூக்கி இழுத்து ஊற்றும் டீ, ஆற்றுபவர். பகலில் பிள்ளையைப் பார்ப்பதற்காகவே தன் வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளையைக் குளிப்பாட்டுவார், துணி காயப்போடுவார், சமைத்துவிட்டுப் பாத்திரமும் கழுவி வைப்பார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். ஐமான் போத்தலைத் தொடமாட்டான். உள்ளே இருப்பது என் பால்தான் என்றாலும் வாயை இறுக மூடிக்கொள்வான். பசியோடு அவனை விட்டுவிட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? இன்று மதியத்துக்குள் குடிக்காவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பீச் ஸ்திரீட் கப்பல் ஏஜென்சியில் ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது. அதை விட எனக்கு மனசே இல்லை.

"நா பாத்துக்கிறேன் லா, நீ கெளம்பு" என்று ஹைதர் அனுப்பிவைத்தார்.

காலை முழுக்க ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது: 'கடையில இருக்கோம். பயப்படாதே.' பயப்படாதே என்று சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? மதிய இடைவேளை விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடினேன்.

கடையை நெருங்கும்போதே ஹைதரின் குரல் கேட்டது.

"ஐயோ, நிறுத்திட்டான்! யாராவது ஒரு தே சொல்லுங்க!"

"தே தாரிக் சத்து!" என்று மலாயில் ஒரு தே கேட்டது ஒரு குரல். "எனக்கு ரெண்டு!" என்றது இன்னொன்று.

கடை வாசலின் ஐந்தடி நடைபாதைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தேன். ஹைதர் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐமான், அவன் வாயில் போத்தல்! எதிரே பகல் ஆள் அஜீஸ் அண்ணன் குவளையைத் தலைக்கு மேல் தூக்கித் தேயை ஆற்றிக்கொண்டிருந்தார். அது நீளமாக இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தபடி என் மகன் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். ஆற்றுவது நின்றால் குடிப்பதும் நின்றது. உடனே உதடு பிதுங்கியது.

உதடு பிதுங்கினால் கடையே பதறியது. நாசி கண்டார் சோறு வாங்க வரிசையில் நின்றவர்களெல்லாம் தே சொன்னார்கள்.

"எனக்கு இனிப்புநீரு இருக்கு. பரவால்ல, போடுங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்!" என்றார் ஒரு பெரியவர்.

"ஹைதர், என் தோள்பட்ட போச்சு லா!" என்று அலறினார் அஜீஸ் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இந்த மாதிரி அத்தா கெடைக்க அந்தப் புள்ள குடுத்து வச்சிருக்கணும்" என்றார் பெரியவர்.

சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. ராப்பகலாக நான் பால் கொடுத்தேனே, எனக்காக யாராவது ஒரு தே சொன்னார்களா?

"அட நீங்க வேற" என்றார் ஹைதர். சட்டையெல்லாம் பால் வடிந்திருந்தது. "அவ பொம்பள, தனியா கொடுத்தா. எனக்கு ஒரு கடையே தேவப்படுது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

போத்தலில் இரண்டு விரல் பால்தான் மிச்சம். ஆனால் எல்லா மேசையும் தேயால் நிறைந்துவிட்டது. இனிமேல் கேட்க ஆளில்லை. அஜீஸ் அண்ணன் குவளையைக் கீழே வைத்தார். ஐமான் வீறிட்டான்.

ஓடிப்போய் அள்ளிக்கொள்ள என் கால் துடித்தது. நெஞ்சில் பால் கட்டி வலித்தது. ஆனால் என்னைப் பார்த்துவிட்டால் அவன் அந்தப் போத்தலை இனி சீண்டவே மாட்டான். தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி, "இங்க ஒரு தே!" என்று கத்தினேன்.

அஜீஸ் அண்ணன் முனகிக்கொண்டே குவளையைத் தூக்கினார். ஹைதர் தூண் பக்கம் திரும்பினார். என் துடோங் முக்காட்டின் ஓரம் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, பிள்ளைக்கு நான் தெரியாதபடி அவனை அஜீஸ் அண்ணன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

போத்தல் காலியானது. கடையே கைதட்டியது.

தூணுக்குப் பின்னால் என் தே வந்தது. வாய் வெந்துபோக நின்றபடியே அதைக் குடித்துவிட்டு, என் ஜன்னலோர மேசைக்குத் திரும்ப ஓடினேன்.