பிணையாகக் கொடுத்த குரல்

வடசேரியில் பகவதியப்பன் பிள்ளையின் சோடாக் கம்பெனிக்கு வெளியிலிருந்து சரக்குக் கொடுத்துவந்த இரண்டு பேர் 1948-ஆம் ஆண்டு முதல் பேசவில்லை. அவர்களுடைய குரல்கள், பிள்ளையின் வீட்டோடு சேர்ந்திருந்த கம்பெனியின் உள்ளறையில், நெல் பத்தாயத்துக்கு மேலே, இரண்டு கோலி சோடாப் பாட்டில்களில் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். கருப்பட்டி விலை ஏறியிருக்கிறது, கோட்டாற்றுப் பாலத்தில் வண்டி போகவில்லை என்பதுபோல அதுவும் ஒரு தகவலாக இருந்தது.

பிள்ளையைக் குறை சொல்லும் முன் அவருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். சுதந்திரம் வந்த வருடம் அவர் ஒரு எலுமிச்சை சோடா போட்டு நல்ல பெயர் எடுத்திருந்தார். அதற்கு எசன்ஸ் காய்ச்சிக் கொடுத்த ஆள் அந்தப் பக்குவத்தை இன்னொரு சோடாக்காரனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டான். கார்த்திகைக்குள் அதே சோடா பாதி விலைக்குச் சந்தையில் வந்தது. பிள்ளை மிஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, வீட்டுக்குள் இருந்து யோசித்தார். நன்னாரி வேரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து ஒரு சிவப்பு சோடா அவர் மனதில் உருவாகியிருந்தது. வேரை ஒரு குறிப்பிட்ட விறகின் புகையில் உலர்த்த வேண்டும். எந்த விறகு என்பதை எழுதுவது இன்றும் முறையாகாது. பாகைக் காய்ச்சும்போது அதில் ஒரு பொருள் சேர வேண்டும். எல்லாவற்றையும் தன் வீட்டிலேயே செய்துகொள்ள அவரிடம் ஆளும் இல்லை, அடுப்பும் இல்லை. ஆகவே பக்குவத்தை இரண்டாக வெட்டினார். வேர் மேற்கே நெய்யூர்ப் பக்கத்து ஏசுஅடிமைக்குப் போயிற்று. அவர் மலையிலிருந்து மருந்து வேர் இறக்கி விற்கிற வயதானவர். பாகு உலகம்மைக்குப் போயிற்று. அவள் வடசேரிக்காரி, கல்யாண வீடுகளுக்கு முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சிக் கொடுப்பவள். கேட்கிறவர்களுக்கு விளங்காதிருக்க வேருக்குத் துணி என்றும் பாகுக்கு மை என்றும் பிள்ளை பெயர் வைத்தார். ஒருவர் செவ்வாய்க்கிழமை வர வேண்டும், மற்றவர் வெள்ளிக்கிழமை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அப்படியும் அவருக்கு உறக்கம் வராததால் குரலைப் பிணையாகக் கேட்டார்.

"கொரலு எதுக்காக்கும் மொதலாளி?" என்று உலகம்மை கேட்டாள்.

"பேச முடிஞ்சாத்தானே வெளிய சொல்ல முடியும். ஒனக்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ஒரு காவலுக்கு. நம்ம ஏற்பாடு முடியுத அன்னைக்கு எடுத்துட்டுப் போ."

"பிள்ள தொட்டில்ல கெடக்கு. அவள எப்படிக் கூப்பிடதுக்கு?"

"கை இருக்குல்லா. தட்டு."

உலகம்மையின் புருஷன் கோலப்பன் நெசவுக்காரர். நூல் கட்டுப்பாட்டில் தறி ஓய்ந்து கிடந்த நேரம் அது. பாகுக்கு மாதம் தவறாமல் வேலை இருக்கும் என்று பிள்ளை சொல்லியிருந்தார். அவள் பாட்டிலைக் கையில் வாங்கினாள். பிறகு பாட்டிலின் வாயோடு வாய் வைத்து, மனதில் வந்ததைச் சொன்னாள். வேலையாட்கள் அதை மிஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். வாயு ஏறியது, கோலி எழும்பிக் கழுத்தை அடைத்தது. அவள் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்க வந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஏசுஅடிமை அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சிவப்பு சோடா வெளியே வந்தது. சுசீந்திரம் தேருக்கு வந்தவர்கள் குடித்தார்கள், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வந்தவர்கள் குடித்தார்கள், இராஜாக்கமங்கலத்து மீன்காரர்கள் வெயிலில் வந்து இறங்கி இரண்டு இரண்டாகக் குடித்தார்கள். குடித்து முடித்த பிறகு தொண்டையில் லேசாக ஒரு புகை நிற்கும். அதற்காகவே மறுபடியும் வந்தார்கள். பிள்ளை வீட்டுக்கு மாடி எடுத்தார். உலகம்மையின் மகள் தாணம்மை தாலாட்டு இல்லாமல் உறங்கப் பழகினாள். அவளுக்குப் பேச்சு அப்பனிடமிருந்தும் தறிக்கு வந்துபோகிற ஆண்களிடமிருந்தும் கிடைத்ததால், மூன்று வயதில் தெருவில் எல்லாரையும், கோயில் குருக்களையும்கூட, ஆண்கள் தங்களுக்குள் போடுகிற 'வே' போட்டுக் கூப்பிட்டாள். தெரு சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

1953 மழைக்காலத்தில் ஏசுஅடிமை காய்ச்சலில் படுத்தார். இனி எழமாட்டார் என்று தெரிந்தபோது அவர் மனைவியைப் பார்த்தே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கு எழுதவும் தெரியாது. அவள் பெயர் ஞானப்பூ. பஸ் பிடித்து வடசேரிக்கு வந்து பிள்ளையின் வாசலில் நின்றாள்.

"அவிய என்னமோ சொல்லணும்னு கெடக்காவ. அந்தப் பாட்டில ஒருக்காத் தாருங்க."

"சாவப் போற நேரத்துலதான் மனுசன் உள்ளத எல்லாம் சொல்லுவான்" என்றார் பிள்ளை. "கட்டிலச் சுத்தி எத்தன பேரு நிப்பாவ, யோசிச்சுப் பாரு."

"வேரைப் பத்தி அவியளுக்கு இப்ப என்ன?"

"எனக்கு இருக்கே."

பிள்ளை கோபமாகப் பேசவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து நீட்டினார், அவள் வாங்கவில்லை. அவள் போய்ச் சேருமுன் ஏசுஅடிமையின் வாய் அசைவதும் நின்றுபோயிருந்தது. அடக்கம் முடிந்து அவள் மறுபடியும் வந்து கேட்டபோது, பாட்டில் அதைக் கொடுத்தவர் கைக்குத்தான் திரும்பப் போகும் என்பது ஏற்பாடு, கொடுத்தவர் இல்லையென்றால் அது கம்பெனியின் சொத்து என்று பிள்ளை விளக்கினார். அதன் பிறகு வேரைத் தன் கொல்லையிலேயே புகைபோட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் சென்னையிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தார். வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் பேனா. ராஜ்ஜியம் முழுக்க இந்தச் சோடாவை விற்கலாம், அதற்குப் புது மிஷின் வேண்டும், மிஷின் வாங்க வேண்டுமானால் சரக்கில் என்னென்ன இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். பிள்ளையின் மனைவி பார்வதியம்மாள் இலை போட்டு அவருக்கு அவியலும் புளிசேரியும் விளம்பினாள். சாப்பாடு முடிந்து பிள்ளை அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் விறகைக் காட்டினார், பாகில் சேருவதைக் கையில் எடுத்துக் கொடுத்தார், அவர் முன்னாலேயே கலந்தும் காட்டினார். துணி, மை என்றெல்லாம் சொல்லவில்லை. உள்ள பெயரையே சொன்னார். ஏஜெண்ட் கார் ஏறியதும் பார்வதியம்மாள் கேட்டாள்.

"இவருகிட்ட ஒண்ணும் வாங்கி வைக்காண்டாமா?"

"படிச்ச மனுசன். அவருகிட்டப் போயி கொரலத் தாரும்னு கேட்டா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

1955-இல் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போன பிள்ளை ஜங்ஷனில் தாகத்துக்கு ஒரு சோடா வாங்கினார். நீளப் பாட்டில், தகர மூடி, இங்கிலீஷில் பெயர். நிறம் சிவப்பு. குடித்தார். தொண்டையில் புகை நின்றது. கல்யாணச் சாப்பாடு சாப்பிடாமல் ஊர் திரும்பினார்.

யார் சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோட்டுக்காரர் சென்னையில் இருந்தார், உலகம்மை கூப்பிடு தூரத்தில் இருந்தாள். கையால் சைகை காட்டியாவது சொல்லியிருப்பாள், குரலைத் திறந்தால் உண்மை வரும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டு, பிள்ளை உள்ளறைக்குப் போய் அவளுடைய பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளினார். நுரை பொங்கி மணிக்கட்டு வழியாக வழிந்தது. "மக்களே தாணம்மை, அம்மை இன்னா வந்துட்டேன்" என்று ஒரு இளம்பெண்ணின் குரல் சொல்லிற்று. அவர் பாட்டிலைக் காதில் வைத்து மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மிச்சம் எதுவும் இல்லை. அடுக்களையிலிருந்து பார்வதியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யாராக்கும் வந்தது என்று கேட்டாள். யாருமில்லை என்றார். திறந்த சோடா திறந்ததுதான். அதைக் குடிக்க வேண்டிய தொண்டை பக்கத்தில் இல்லாததால் அந்தக் குரல் காற்றோடு போயிற்று.

தகர மூடிச் சோடா நாகர்கோவிலுக்கும் வந்தது, விலையும் குறைவு. ஒரு வருடத்துக்குள் கம்பெனி படுத்துவிட்டது. 1956 ஐப்பசியில் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று தெருவெல்லாம் தோரணம் கட்டி ஊர்வலம் போனார்கள். கோலப்பன் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டார். உலகம்மை பக்கத்தில் வாயைத் திறந்து மூடியபடி நடந்தாள். மறுநாள் இருவரும் பிள்ளையிடம் போனார்கள். ஏற்பாடு முடிந்துவிட்டது, குரலைத் தாருங்கள் என்று கோலப்பன் கேட்டார். பிள்ளை உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, "இந்தா, ஒனக்குள்ளது" என்று அவள் கையில் வைத்தார். அவள் அவரைக் கும்பிட்டாள்.

வீட்டில் தாணம்மையை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் அவள் பாட்டிலைத் திறந்தாள், ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தாள், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வந்தது வயதான ஆணின் குரல். கரகரத்த, தடித்த, மேற்கேயுள்ளவர்களின் மலையாள இழுப்புள்ள குரல். தாணம்மை எழுந்து அப்பனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அப்பா, அம்மைக்க உள்ள யாரு இருக்கா?"

கோலப்பன் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். பிள்ளை நாற்காலியை விட்டு எழவில்லை. "கொரலுன்னா கொரலுதானே. ஒண்ணும் இல்லாததுக்கு இது கொள்ளாம்" என்றார். பின்னாலேயே வந்து வாசலில் நின்ற உலகம்மையிடம் பார்வதியம்மாள்தான் உள்ளதைச் சொன்னாள். "ஒனக்கத அவிய போன வருசமே தொறந்துட்டாவ மக்களே. அம்மை இன்னா வந்துட்டேன்னு சொல்லிச்சு. நான் கேட்டேன்." உலகம்மை தனக்கு வந்த அந்த ஆண் குரலில், அதை இன்னொரு முறை சொல்லும்படி கேட்டாள். பார்வதியம்மாள் சொன்னாள். அவளுக்கு அந்த ராகம் வரவில்லை.

செய்தி நெய்யூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையில், ஒரு கூடை மரச்சீனிக் கிழங்கோடு ஞானப்பூ வந்து இறங்கினாள். இரண்டு பெண்களும் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஞானப்பூ கிழங்கை இறக்கி வைத்துவிட்டு, எதையாவது பேசச் சொன்னாள். உலகம்மை வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசினாள். ஞானப்பூ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஏட்டி சோறு எடுன்னு ஒருக்காச் சொல்லு" என்றாள். உலகம்மை சொன்னாள். கொஞ்சம் அதட்டலாகச் சொல்ல வேண்டும் என்றாள் ஞானப்பூ. அப்படியும் சொன்னாள்.

உலகம்மை மறுபடியும் பாகு காய்ச்சி விற்கத் தொடங்கினாள். அந்தக் குரல் சந்தையில் விலை சொன்னால் முதலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், தை மாதத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் பேரம் பேசுகிறவர்களும் குறைவு என்பது அவளுக்கு லாபம்தான் என்றார்கள். தாணம்மை பள்ளிக்கூடத்து விஷயங்களை அப்பனிடம் சொன்னாள். கோலப்பன் விளக்கை அணைத்த பிறகு உலகம்மையோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்யூர் பஸ்ஸில் வருகிறவளுக்கு அந்த வீட்டில் ஒரு இலை உண்டு. அவள் வருவதைக் கண்டதும் கோலப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.