ஆலைச் சந்தில் ஒரு விரற்கடை

ஹென்னிங்குக்கு எதையும் முழுதாக முடிக்கத் தெரியாது. அலமாரிக் கதவைக்கூட ஒரு விரற்கடை விட்டுத்தான் மூடுவான். "அல்முட், உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்து, பீர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிடுவான். வருடக்கணக்காக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நிறுத்தினான். பிறகு மகளோடு இருக்க ரோஸ்டாக்குக்குப் போய்விட்டான். அந்த மிச்ச வார்த்தைக்காக இன்னும் ஏங்குகிறேன், வெட்கமில்லாமல்.

எங்கள் ஊர் வரைபடத்தை நாங்களே இணையத்தில் வரைகிறோம். யாரும் திருத்தலாம், கடைசியாகத் தொட்டவர் பெயர்தான் அந்தச் சாலையில் நிற்கும். ஹென்னிங் வரைந்த தெருக்களை யார் யாரோ தொட்டுவிட்டார்கள். நான் குடியிருக்கும் ஆலைச் சந்து மட்டும் இன்னும் அவன் பெயரில் இருக்கிறது.

அதிலும் தன் புத்தியைக் காட்டியிருந்தான். சந்தின் முனை பெரிய சாலையைத் தொடவில்லை. பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும். பெரிதாக்கினால்தான் இடைவெளி தெரியும். இந்த வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் போனுக்கு அது போதும். இந்தப் பக்கம் வழியே இல்லை என்று வண்டிகளைக் குளத்தைச் சுற்றி அனுப்பிவிடும்.

அடுத்த வீட்டு க்ரோகர் அம்மாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் வண்டிக்குப் புது ஓட்டுநர். போன் சொன்னபடி சுற்றிச் சுற்றி வந்தான்.

"என் சாவுக்கு வர்றவங்களுக்குக்கூடச் சூடா காபி கிடைக்கும். எனக்கு ஆறின சூப்பா?" என்று அவர் வேலிக்கு மேலாக என்னிடம் கத்தினார்.

கிரேக்க உணவகத்தில், வரைபடம் வரைகிற எங்கள் மாதக் கூட்டம். ஊவே ஆரம்பித்தான்.

"உன் வாசல்லயே பிழைன்னு சிவப்புப் புள்ளி நிக்குது. சரிபண்ண உனக்கு என்ன நோவு?"

"தொட்டா அவன் பேரு போயிடும்."

வாய் தவறி வந்துவிட்டது. மேசையே என்னைப் பார்த்தது.

"அடிப் பைத்தியம்! சந்தை ஏன் தொடுறே? முனைப் புள்ளியை மட்டும் இழுத்துப் பெரிய சாலையில ஒட்டு. புள்ளிக்கும் சாலைக்கும் உன் பேரு வரும். சந்து அவன் பேர்லயே கிடக்கும்."

"எனக்குத் தெரியாதாக்கும்!"

தெரியும். எத்தனையோ சந்துகளை அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை.

"அப்படியே அவனுக்கு ஒரு போனும் போடு," என்றான் ஊவே.

"நீ உன் ஆலிவைத் தின்னு."

மறுநாள் காலையில் ஒட்டினேன். திருத்தத்தோடு ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'இணைப்புப் பிழை' என்று எழுதி அழித்தேன். பிறகு எழுதினேன்: "ஹென்னிங், நீ நிறுத்தின இடத்துலேர்ந்து நான் வரைஞ்சுட்டேன். இப்போ வழி இருக்கு." உலகமே படிக்கக்கூடிய இடம். படிக்கட்டும்.

அந்த வாரமே சூப் சூடாக வந்தது. உப்பு அதிகம் என்று க்ரோகர் அம்மா கத்தினார்.

நான் போனை எடுத்து ரோஸ்டாக்கிலிருந்து என் வீட்டுக்கு வழி கேட்டேன். நீலக் கோடு குளத்தைச் சுற்றாமல், அவன் சந்துக்குள் திரும்பி, நேராக என் வாசலில் வந்து நின்றது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கோடு வந்துவிட்டது, ஆள்தான் பாக்கி.