அக்கா எடுத்த முகூர்த்தப் புடவை

“தைச்ச ஜாக்கெட்டைப் பிரிச்சு வையின்னு சொல்றியாடா? யார் அளவுக்குடா பிரிக்கணும்? சொல்லு, ஊரே கேக்கட்டும்!”

செல்வம்மாள் கத்தியது போனில்தான். ஆனால் ஓசூர் பாகலூர் ரோட்டில் எங்கள் மூன்றாவது கிராஸ் ஒன்றும் பெரிய தெரு இல்லை. பக்கத்து வீட்டில் நான் மிக்சியை நிறுத்தினேன். எதிர்வீட்டு மாரம்மா குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு கேட்டருகே வந்து நின்றாள். தையல்கார சுமலதா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்கக்கூடாதுதான். காது இருக்கிறதே, என்ன செய்வது?

“அக்கா, கத்தாதே. ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?” என்றது போன்.

“ஆமாண்டா, ஸ்பீக்கர்லதான். நாலு வருசமா தெருவுக்கே கேக்கறாப்பல பேசினே இல்ல? இதை மட்டும் காதோட சொல்லுவியா?”

போனில் இருந்தது நவீன்குமார், செல்வம்மாளின் தம்பி, சிங்கப்பூரில் வேலை. தாய் செத்தபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்தான். அதிலிருந்து அக்காதான் அவனுக்கு அம்மா. செல்வம்மாளுக்கு ஒரே மகள், சுவாதி. எங்கள் பக்கத்தில் தம்பி உள்ளவளுக்குப் பெண் பிறந்தால் மாப்பிள்ளை தேடும் அலைச்சல் மிச்சம். “டேய், உன் பொண்டாட்டி அழறா பாரு, தொட்டிலை ஆட்டு” என்பார்கள். நவீனும் ஆட்டினான். நான் பார்த்திருக்கிறேன்.

டூல் அண்ட் டை படித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தான். பிறகு சிங்கப்பூர் போனான். போகும்போது தன் அப்பா நாராயணப்பனை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பெரியவருக்கு ஒரு பக்கம் கைகால் வராது. “மாமனாரா ஆகப்போறவரு, இப்பவே பழகிக்கட்டும்” என்று செல்வம்மாள் மகளிடம் ஒப்படைத்தாள். பெரியவர் சுவாதிக்குத் தாத்தா, நாளைக்கு மாமனார். இதில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்ததும் சுவாதி கேழ்வரகுக் களி கிண்டுவாள், ஊட்டுவாள், துடைப்பாள், துணி மாற்றுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சுளிக்கிறாளா என்று பார்க்கத்தான் நான் அடிக்கடி போவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் செல்வம்மாள் வீட்டு டிவியில் சிங்கப்பூர் வந்துவிடும். சுவாதி போனை டிவியோடு சேர்த்துவிடுவாள். மாரம்மா, சுமலதா, நான், இன்னும் வேலையற்ற இரண்டு மூன்று பேர் சோபாவைப் பிடித்துக்கொள்வோம். நவீன் அவளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவான். நாங்களும் ஓசியில் சுற்றுவோம்.

முதலில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடி. துவைத்த சட்டைகளை நீளக் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினான்.

“அய்யய்யோ! கீழ போறவன் தலையில ஜட்டி உழுந்தா என்னாப்பா பண்ணுவே?” என்றாள் மாரம்மா.

“சாரி சொல்லுவேன் ஆயா.”

“சாரி சொன்னா போச்சா? நம்மூர்ல உழுந்திருந்தா ஜாதியக் கேட்டு அடிச்சிருப்பான்.”

பிறகு கடைச் சாப்பாடு. சாப்பிட்ட தட்டை அவனே எடுத்துக்கொண்டுபோய் வைப்பதைக் கண்டு செல்வம்மாள் பூரித்தாள். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுக்காதவன். பிறகு கடற்கரையில் வாடகை சைக்கிள், மரங்களே மண்டிய ஒரு பெரிய தோட்டம், வானத்தில் கம்பியில் தொங்கிப் போகும் தொட்டி வண்டி. ஒருநாள் ஆற்றோரத்தில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஈரம் சொட்டச் சொட்டப் பாதையைக் கடந்தது. கோட்டு போட்ட மனிதர்கள் எல்லாம் கும்பிடாத குறையாக ஒதுங்கி நின்றார்கள். “நோடு, நோடு, எம்.எல்.ஏ. வர்றாருன்னு நெனச்சுட்டாங்க போல” என்றாள் மாரம்மா. அவளுக்குப் பாதி நேரம் கன்னடம்தான் முந்திக்கொள்ளும்.

சுவாதி அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் அந்த ஊரைப் படித்தாள். எந்த நிற ரயில் எங்கே போகும், எந்த வாசலில் வெளியேறினால் வெயில் படாது, எல்லாம் அத்துப்படி. பெங்களூர் மெஜஸ்டிக்கில் தனியாக பஸ் மாறத் தெரியாத பெண், “மாமா, அங்க எறங்காதீங்க, அடுத்த ஸ்டேஷன்ல மாறுங்க, நடை கம்மி” என்பாள். அவன் சிரித்துக்கொண்டே அப்படியே செய்வான். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லோரும் ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

இதற்கு நடுவில் பர்கூரிலிருந்து ராஜ்குமார் என்று ஒரு வரன் வந்தது. இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவன், நிறம் கொஞ்சம் மட்டு, குணம் தங்கம். இரண்டு தரம் ஆள் விட்டார்கள். “வீட்லயே மாப்பிள்ளை இருக்கான், எங்களுக்கு எதுக்கு பர்கூர்?” என்று செல்வம்மாள் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். சுவாதியைக் கேட்டேன். “எனக்கு அந்த ஊர் எல்லாம் பழகிடுச்சுக்கா” என்றாள். கால் வைக்காத ஊர்!

நாலாவது வருஷம் மாங்காய் சீசன் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நவீன் சொன்னான்: “அக்கா, ஒரு முகூர்த்தப் புடவை எடுக்கணும். நீதான் எடுக்கணும். தை மாசம் வர்றேன்.”

செல்வம்மாள் அழுதுவிட்டாள். நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. தாய் இல்லாத மாப்பிள்ளைக்கு அக்காதான் எடுக்கவேண்டும். ஆக அவன் கேட்டது முறைதான். ஆனால் இங்கே மாப்பிள்ளையின் அக்காவும் பெண்ணின் அம்மாவும் ஒரே செல்வம்மாள். எந்த உறவு என்று நினைத்து அவன் கேட்கிறான் என்பதை அவளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சொந்தத்திலேயே கொடுத்து வாங்குகிற சனங்களுக்குத்தான் இப்படியொரு தப்பு வாய்க்கும்.

பெங்களூர் சிக்பேட்டைக்கு நானும் போனேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. சுவாதி கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்த்தபோது கடைக்காரனே விலை பேசுவதை நிறுத்திவிட்டான். ஜாக்கெட்டைச் சுமலதா தைத்தாள். கையில் மயில் வைத்து, சுவாதியின் அளவுக்கு.

செல்வம்மாள் கத்திய அன்றைக்கு நவீன் கூப்பிட்டது வார நாளில். ஆள் ஒருவர் சிங்கப்பூர் வருகிறார், புடவையைக் கொடுத்தனுப்பு, ஜாக்கெட் துணியைத் தைக்காமல் அப்படியே வை, அவள் இங்கே தைத்துக்கொள்வாள் என்றிருக்கிறான். தைத்தாயிற்று என்றாள் அக்கா. அப்படியானால் பிரித்து வை என்றான். அங்கேதான் செல்வம்மாள் வாசலுக்கு வந்தது.

“எந்த அவடா?”

“நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேங்க்கா. கவிப்ரியான்னு, கூட வேலை பாக்கறா. மலேசியா. தமிழ்தான்.”

“தமிழா! ரொம்ப சந்தோசம். அப்போ சுவாதி என்னாடா, சீனாக்காரியா?”

“அக்கா, நான் எப்போ கட்டிக்கறேன்னு சொன்னேன்? ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கேனா? நீயே யோசி.”

செல்வம்மாள் யோசித்தாள். கேட்டருகே நின்ற நாங்களும் யோசித்தோம். சொல்லியிருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. சொல்லவில்லை. நாலு வருஷத்தில் கழியில் துணி போடுவதைப் பற்றிச் சொன்னான், ரயிலைப் பற்றிச் சொன்னான், இதைச் சொல்லவில்லை. தாய்மாமனை நிறுத்திவைத்து இஷ்டமா என்று யார் கேட்பார்கள்?

“சொல்லணுமாடா? உங்கப்பனை என் மகள் கையில குடுத்துட்டுப் போனியே, அது சொன்ன கணக்கு இல்லியா?”

“அவ எனக்கு அக்கா மக. சின்னப் பொண்ணு, ஊரைச் சுத்திக் காட்டினேன், அவ்ளோதான். சொந்தத்துல கட்டினா பொறக்கற கொழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க.”

“அந்த டாக்டரு புடவை எடுக்கறதுக்கு முன்ன சொல்லலியாப்பா?” என்று மாரம்மா கேட்டருகிலிருந்தே கேட்டாள்.

“ஆயா, நீங்க சும்மா இருங்க!”

“நான் சும்மாதான் இருக்கேன். புடவையைத்தான் சும்மா இருக்க விடாம தூக்கினு வரச்சொல்லிட்டே.”

அப்போது சுவாதி வெளியே வந்தாள். கையில் களி அப்பியிருந்தது. தாத்தாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இடது கையால் அம்மாவிடமிருந்து போனை வாங்கினாள். அழுவாள் என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தோம்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போனைப் பிடிச்சது யாரு?”

“என்ன போனு?”

“நீங்க சைக்கிள் ஓட்டறீங்க, போன் கூடவே வருது. ஐஸ் சாப்பிட்டுனே திரும்பி நின்னு பேசறீங்க, முழுசாத் தெரியறீங்க. பிடிச்சது யாரு?”

இந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த நாலு வருஷமும் சோபாவில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தேன், நீர்நாயைப் பார்த்தேன். பிடித்துக்கொண்டு போகிற கை ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அவதான்” என்றது போன்.

“எப்பலேர்ந்து?”

“மொதல் வருசத்துலேர்ந்து.”

“அவங்க ஒரு நாள்கூட குரல் குடுக்கலியே மாமா. ஒரு ஹாய்கூட சொல்லலியே.”

“நான்தான் பேச வேணாம்னு சொன்னேன்.”

“ஏன்?”

சும்மா ஊர் சுற்றிக் காட்டுகிறவன் கூட வருகிறவளை எதற்கு வாயைப் பொத்தி வைக்கவேண்டும்?

“தெரிஞ்சிருக்கு உனக்கு” என்றாள் செல்வம்மாள். இப்போது கத்தவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. “நாங்க என்னா நெனச்சுனு இருக்கோம்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருந்தே. முன்னாடியே சொல்லியிருந்தா உங்கப்பனுக்கு யார்ரா துணி மாத்தறது?”

“அக்கா...”

சுவாதி போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். மிச்சக் களியை ஊட்டவேண்டுமே.

அன்று தெருவுக்கே செல்வம்மாள் சபதம் போட்டாள்: அப்பனைக் காரில் ஏற்றி பெங்களூர் ஏர்போர்ட்டில் உட்காரவைத்துவிட்டு வருவேன், மகன் வந்து எடுத்துக்கட்டும். ஊரே தலையாட்டியது. மறுநாள் காலையில் அவளே பெரியவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தாள். நவீன் இதையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பான்.

ஜாக்கெட்டைப் பிரித்தது சுவாதி. சுமலதா தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். ராவெல்லாம் வேலை செய்து தைத்த மயில் அது. சுவாதி வாசல்படியில் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு தையலாக வெட்டினாள்.

“கத்தரிக்கோலை எடுத்து நாலா வெட்டிப் போடறதை விட்டுட்டு என்னாடி இது?” என்றேன்.

“அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியாதேக்கா. அக்கா மகள்னுதான் சொல்லியிருப்பாரு” என்றாள். “எனக்குத்தான் அவங்களைத் தெரிஞ்சிருக்கணும். நாலு வருசம் அவங்க கூடத்தானே நடந்தேன்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டி விழுந்த நூலைப் பொறுக்கினேன்.

நவீன் தை மாதம் வரவில்லை. கல்யாணம் மலேசியாவில், ஈப்போவில் ஒரு முருகன் கோயிலில் நடந்ததாக சுமலதா போனில் படம் காட்டினாள். அந்த மாம்பழ மஞ்சள் புடவையில் பெண் அழகாகத்தான் இருந்தாள், என்ன செய்ய. இப்போது இரண்டு பேரும் மெல்போர்ன் போய்விட்டார்கள். பர்கூர் ராஜ்குமார் அந்த ஆவணியிலேயே காவேரிப்பட்டணத்தில் பெண் எடுத்துவிட்டான்.

சுவாதிக்கு அடுத்த வருஷம் கல்யாணம் முடிந்தது. அவள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் பூபதி, சொந்தம் இல்லை, தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அதைத்தான் அவள் முதலில் கேட்டாளாம். கிருஷ்ணகிரியில் மண்டபம். பெண்ணுக்குத் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டவேண்டிய நேரம் வந்தபோது ஐயர் இரண்டு தரம் கூப்பிட்டார். கடைசியில் செல்வம்மாளின் சித்தப்பா மகன் முனிசாமி, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து கட்டினான்.

இப்போது சுவாதியும் பூபதியும் பெங்களூர் ரோட்டில் பொம்மசந்திரா பக்கம் குடியிருக்கிறார்கள். செல்வம்மாள் இங்கேதான், அப்பனோடு. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து தாத்தாவைக் குளிப்பாட்டிவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிப் போகிறாள்.