பொம்மையிடம் நலம் விசாரித்தல்

அவசரப் பிரிவில் பெரியக்கா வருகிறாள் என்றால் டாக்டர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். நின்றுபோன நெஞ்சுகளை அழுத்தி மறுபடி ஓட வைத்த நர்ஸ் அவள். ஆனால் அந்த வித்தைக்கான சி.பி.ஆர். சான்றிதழ் இன்றோடு காலாவதி. புதுப்பிக்காவிட்டால் நாளை முதல் மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டியதுதான். தேதி தாண்டினால் கற்றதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மறந்துவிடும் என்பது நிர்வாகத்தின் மருத்துவ அறிவு.

பயிற்சி அறையில், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் பொம்மைகள் தரையில் வரிசையாகக் கிடந்தன. பயிற்சியாளருக்கு அவள் கடைசித் தம்பியின் வயசு, கழுத்தில் விசில் வேறு. பெரியக்கா முட்டி போட்டு அழுத்தினாள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பொம்மைக்குள்ளிருந்து 'டக்' என்று சத்தம் வந்தது. ஆழம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். மற்ற நர்ஸ்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

பயிற்சியாளர் ஃபெயில் என்றார். பொம்மையின் தோளைத் தட்டி அவள் நலம் விசாரிக்கவில்லையாம்.

"முதல்ல கேக்கணும் சிஸ்டர். பதில் இல்லேன்னாதான் நெஞ்சுல கை வைக்கணும்."

"காலே இல்லாதவன்கிட்ட நல்லா இருக்கியான்னு கேக்கச் சொல்றீங்களா தம்பி?"

அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுவே கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியக்காவுக்கு அவமானமாக இருந்தது. அவளிடம் வந்து சேருகிறவர்கள் பதில் சொல்லும் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், கேட்பதையே அவள் விட்டு வருஷக்கணக்காகிறது. அதை இந்தப் பொடியனிடம் சொல்லிக்கொண்டிருக்கவா முடியும்?

சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். ஒத்திகை பார்க்கலாமென்று சீக்கிரமே அறைக்குத் திரும்பினாள். விளக்கு அணைந்திருந்தது. பொம்மைகளுக்கு நடுவே, கால்கள் உள்ள ஒருவர் மல்லாந்து கிடந்தார். பயிற்சியாளரேதான். வாய் திறந்திருந்தது, அசைவில்லை.

பெரியக்கா யோசிக்கவில்லை. பாய்ந்துபோய் முட்டி போட்டு, கைகளைக் கோத்து, முழு எடையையும் இறக்கி ஓர் அழுத்து அழுத்தினாள்.

'டக்' என்று கேட்கவில்லை. "அம்மா" என்று கேட்டது.

மனுஷன் உண்ட மயக்கத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர், பேச மூச்சில்லாமல் அவளையே பார்த்தார். பெரியக்காவுக்குக் கிடங்கின் அட்டைப்பெட்டிகள் கண்முன்னே வந்து நின்றன. மெதுவாக அவர் தோளைத் தொட்டாள்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா?"

வெகு காலத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை, பதில் வந்தாக வேண்டுமே என்ற பயத்தோடு கேட்டாள்.

"இல்ல சிஸ்டர்," என்றார் அவர் முனகலாக. "ஆனா இப்ப கேட்டீங்க பாருங்க, அதை முதல்லயே கேட்டிருக்கணும்."

மறுதேர்வில் பெரியக்கா பொம்மையின் தோளைத் தட்டி, குனிந்து, மனசாரக் கேட்டாள். பதிலுக்குக் காத்துக்கூட இருந்தாள். தள்ளியே நின்றிருந்த பயிற்சியாளர், ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி பாஸ் போட்டார். அழுத்திக் காட்ட வேண்டாம், ஆழம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.