பட்டியலுக்கு முன்பே அச்சான பேனர்

பட்டம் வாங்கியாயிற்று. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு படிப்பைத்தான் குறிக்க முடியும். நான் நினைத்திருந்தது கப்பல் கட்டும் பொறியியல். அப்பா பெலேம் நகரத்து ஆற்றங்கரைப் பட்டறையில் படகுகளுக்கு வெல்டிங் வைப்பவர். தகடு எங்கே வர வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற எஞ்சினியர் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான். அந்தப் படத்தை நான் வரைய வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு இதைத் தவிர வேறு யோசனை இருந்ததில்லை. என் மதிப்பெண்ணும் முந்தைய ஆண்டின் கட்-ஆஃபைவிட ஒன்பது கூடுதல்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அம்மா சமையல் வேலை செய்த வீட்டில் இருந்தது. பதினெட்டாவது மாடி. அந்த வீட்டுக்காரி எலோயீசா, மரியாதைக்கு 'தோனா' எலோயீசா, தானாகவே கூப்பிட்டாள். பாஸ்வேர்டைப் போட்டு முதல் பக்கத்தை நிரப்பியிருப்பேன்.

"நீ போய் அடுப்புல கேக்கைப் பாரு கண்ணு. மிச்சத்தை நான் முடிச்சிடுறேன்" என்றாள்.

போனேன். முட்டாள் மாதிரி எழுந்து போனேன்.

பட்டியல் வரும் நாளில் குவாமா பேட்டையில் எங்கள் சந்து முழுக்க ரேடியோ அலறும். பெயர் வாசித்த நொடியே கொண்டாட்டமாகத் தலையில் முட்டை உடைப்பார்கள், மாவு கொட்டுவார்கள். பக்கத்து வீட்டு நசரேனோ ஒரு தட்டு முட்டையோடு காலையிலிருந்தே காத்திருந்தான்.

"எஞ்சினியரம்மா, தலைக்கு எண்ணெய் வச்சிருக்கியா? முட்டை ஒட்டாம போயிடப் போவுது!"

படிப்பு படிப்பாக, பெயர்களை அகரவரிசையில் வாசித்தார்கள். கப்பல் பொறியியல் வந்தது. என் பெயர் ஜாசிரா. அந்த எழுத்து வந்தது, போனது. நான் இல்லை. நசரேனோ ரேடியோவைத் தட்டிப் பார்த்தான். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் தோனா எலோயீசாவின் கார் சந்து முனையில் நின்றது. சிரித்துக்கொண்டே இறங்கியவள், சுருட்டிய பேனர் ஒன்றைப் பையன்களிடம் கொடுத்து வாசலில் கட்டச் சொன்னாள். விரித்தார்கள். 'வாழ்த்துகள் ஜாசிரா! ஆசிரியர் படிப்பு!' என்று ஆள் உயர எழுத்து.

ரேடியோ இன்னும் அந்தப் படிப்புக்கே வரவில்லை.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உன் மார்க்குக்கு இது கட்டாயம் கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்த எஞ்சினியரிங்லாம் ஆம்பளைப் பசங்க கூட்டம், கண்ணு. உன்னால தாக்குப்பிடிக்க முடியாது. குழந்தைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடு, கௌரவமா இருக்கும்."

"நீங்க மாத்துனீங்களா?"

"உங்க அம்மாவைக் கேட்டுட்டுதான்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் பேனரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெடைக்காம போச்சுன்னா என்னடி பண்ணுவே?" என்றாள் மெதுவாக. "தோனா கேட்டாங்க, பொண்ணு பாஸாகணுமா வேணாமான்னு. பாஸாகணும்னு சொன்னேன்."

அதற்குள் ரேடியோ என் பெயரை வாசித்துவிட்டது. சந்து வெடித்தது. என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. பெயர் வந்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு. நசரேனோ என் தலையில் முதல் முட்டையை உடைத்தான். யாரோ மாவைக் கொட்டினார்கள். மூக்கில் வழிந்த மஞ்சள் கருவோடு அவன் கையிலிருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். தோனா எலோயீசாவிடம் நடந்தேன். சலூனுக்குப் போய் வந்த முடி. நடு வகிட்டில் உடைத்தேன்.

"வாழ்த்துகள் தோனா. பாஸானது நீங்கதான். போய்ப் படிங்க."

அம்மா ஓடி வந்து தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள். என் முகத்தை அல்ல.

அன்று மாலை கப்பல் பொறியியலின் புது கட்-ஆஃப் தெரிந்தது. என் மதிப்பெண் அதைவிட ஆறு அதிகம். அப்பாவிடம் காட்டினேன். அவர் எழுந்துபோய்ப் பேனரை அவிழ்த்தார்.

சேர்க்கைக்குக் கடைசி நாளன்று அம்மா என் சான்றிதழ்களைக் கட்டிலில் அடுக்கி வைத்தாள்.

"கெடைச்ச எடத்தை எவளாச்சும் விடுவாளா? ஒரு வருசம் வீணாப் போவுதுடி."

"என் வருசம். போவட்டும்."

சேரப் போகவில்லை. அந்த இடம் வேறு யாருக்கோ போயிருக்கும், விரும்பிக் கேட்டவருக்கு என்றால் சந்தோஷம்.

அடுத்த ஆண்டு பஸ் நிலையம் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினேன். அம்மா கூடவே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"என்னடி போட்டிருக்கே?"

திரையைக் கையால் மறைத்தேன்.

"ரேடியோவுல கேட்டுக்கோ" என்றேன்.