இஸ்பிரீத்து சாந்து

கீழப்பழுவூர்ப் பக்கம் வாந்திபேதி பரவிய நாற்பத்துமூன்றாம் வருஷக் கோடையில் தர்மராஜ் உபதேசியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரியலூரில் இருந்த அவருடைய புராட்டஸ்டண்டு மிஷன் பாதிரி ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கஞ்சி ஊற்றுவதும் மருந்து கொடுப்பதும் சர்க்கார் பாடு, நம்முடைய வேலை ஆத்துமாவை இரட்சிப்பது. தர்மராஜும் அதைத்தான் இத்தனை காலம் பிரசங்கித்தார். ஆனால் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவன் வாசலில் நின்று நித்திய ஜீவனைப் பற்றிப் பேசினால் அவனுக்கு ஆத்திரம் வருமா வராதா? ஐயருக்குத் தெரியாமல் ஒரு தூக்குச்சட்டியில் உப்புக் கஞ்சியோடு வீடு வீடாகப் போனார். கொடுத்தாலும் மனம் அடித்துக்கொண்டது, கொடுக்காவிட்டாலும் அடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் வீராயி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுச் சவரியம்மாளின் கைக்குழந்தைக்குக் கண் செருகிவிட்டதாம், உபதேசியாரைக் கூட்டிவரச் சொன்னாளாம். சவரியம்மாள் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். அவள் கேட்டது தங்கள் கோயில் உபதேசியார் சின்னப்பனை. மாரியம்மனைக் கும்பிடுகிற வீராயிக்கு உபதேசியாரில் இரண்டு வகை உண்டென்று எங்கே தெரியும்? கண்ணில் பட்டவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தர்மராஜைக் கண்டதும் சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னப்பன் ஏலாக்குறிச்சிக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை பிள்ளை தாங்காது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, கள்ளிப் புதரோரம் புதைத்துவிடுவார்கள். அவள் புருஷனும் மூத்த பிள்ளையும் போன வாரம்தான் வேலிக்குள்ளே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

தர்மராஜ் தூக்குச்சட்டியைத் திறந்தார். கஞ்சி உள்ளே இறங்காமல் பிள்ளையின் கடைவாயில் வழிந்தது.

"பெத்தவ ஊத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்களே தண்ணி ஊத்திடுங்க," என்றாள் சவரியம்மாள்.

தர்மராஜ் சட்டியை மூடினார். விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே இல்லை என்பது அவர் சபையின் போதனை. சவரியம்மாளின் சபையை விட்டு வந்தவர்களை மருதையாற்றில் மறுபடி முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். பெற்றவளின் முகத்தைப் பார்த்தார். செம்பை எடுத்தார்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின்..." என்று ஆரம்பித்தார்.

"அது இல்லீங்க. இஸ்பிரீத்து சாந்துன்னு சொல்லணும். பேரு சூசை."

பரிசுத்த ஆவிக்குக் கத்தோலிக்கர் சொல்லும் அந்தப் போர்த்துக்கீசிய வார்த்தையைத் தெருமுனையில் நின்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பார்! பறங்கிப் பாஷையில் ஜெபித்தால் பரலோகத்தில் யாருக்குப் புரியும் என்பார், கூட்டம் சிரிக்கும். இப்போது அதே வார்த்தையை அவரே சொல்ல வேண்டும். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

"சூசை, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்," என்று சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

சின்னப்பன் வந்து சேர்ந்தபோது பிள்ளையின் மூச்சு அடங்கியிருந்தது. நடந்ததை எல்லாம் கேட்டார். என்ன வார்த்தை சொன்னார் என்று விசாரித்துத் தலையாட்டினார். பிறகு தயங்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தம்மா மனசு ஆறட்டும்னு ஊத்துனீங்களா, நெசமாவே ஞானஸ்நானம் குடுக்கணும்னு நெனச்சு ஊத்துனீங்களா? ஒப்புக்கு ஊத்துனா செல்லாதுங்க. வேலிக்கு வெளியதான் பொதைக்கணும்."

தர்மராஜுக்குச் சுரீரென்றது. சின்னப்பன் கொடுத்த ஞானஸ்நானமாயிருந்தால், தர்மராஜின் சபையில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலேயே செல்லாது என்று தள்ளியிருப்பார்கள். ஆம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐயர் காதுக்குப் போய்விடும், உத்தியோகம் போய்விடும். இல்லையென்றால் பிள்ளை கள்ளிப் புதருக்குப் போய்விடும். சவரியம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெனச்சுத்தான் ஊத்துனேங்க," என்றார்.

சொன்ன பிறகு, அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டோமோ என்று மனதைத் துழாவினார். பொய் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. இனி எந்த வாயால் மருதையாற்றில் நின்று பிரசங்கிப்பது?

சவரியம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.